விரலுக்கு மிஞ்சிய வீக்கம்

ஒளியே இல்லாத ஒன்றுக்கு
ஒளிவட்டம் என்று எவர் பெயர் வைத்தாரோ.
ஸீனெ அதை ஹாலோ என்கிறாள்,
டேனிஷ் நாக்கில் பாதியை விழுங்கி.

அட்டகாமா. முகாமில் இரவு இரண்டு மணி.
மேலே, மூச்சு முட்டும் பீடபூமியில்
அறுபத்தாறு வெள்ளைத் தட்டுகள்
ஒரே பக்கம் முகம் திருப்பி
ஒரு பொட்டு வெளிச்சத்தை உறிஞ்சுகின்றன.
பிரபஞ்சத்துக்கு எழுபது கோடி வயதுகூட
நிரம்பாத நாளில் புறப்பட்ட வெளிச்சம்.

அந்தப் பொட்டு ஒரு விண்மீன் திரள்.
அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

கணக்கு எளிது:
பொருளில் ஆறில் ஐந்து பங்கு இருட்டு.
மிச்ச ஒரு பங்கு வாயு
இருட்டின் பள்ளத்தில் வழிந்து விழும்.
விழுந்ததிலும் பத்தில் ஒன்றோ இரண்டோதான்
விண்மீனாகித் தேறும்.
மற்றது சூடேறும், வெடித்துச் சிதறும்,
வந்த வழியே வெளியே போகும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

இதுவோ
வந்த வாயு மொத்தத்தையும்
ஒரு சொட்டு சிந்தாமல்
விண்மீனாக்கிவிட்டதாம்.
வாங்கிய சம்பளம் அத்தனையும்
வீடு கட்டவே போட்டவன்
என்ன தின்றான், எதை உடுத்தான்?

தூசியைக் கழித்தாள்.
நடுவில் ஒரு கருந்துளை
பொய்யாய் மினுக்குகிறதோ என்று
அதற்கும் கொஞ்சம் கழித்தாள்.
வீக்கம் வடியவில்லை.

சனிக்கிழமை, சீமைமாதுளை வாங்க
தொக்கொனாவோவுக்கு வண்டியெடுத்தாள்.
தேவாலயத்தை விட்டுத் தள்ளி
தன்பாட்டுக்கு நிற்கும் மணிக்கூண்டு
அடித்துக்கொண்டே இருந்தது.
தெரு அடைத்துக் கிடந்தது.

ரொசமெல் அயவீரே.
வாய்க்கால் தண்ணீரை
யார் தோட்டத்துக்கு எந்த மணிக்கு என்று
முறை வைத்துத் திறந்துவிட்டவர்.
இரண்டே அறை வீடு,
தகரக் கதவு,
வாசலில் மூன்று நெகிழி நாற்காலி.

ஆனால் பெய்னேயிலிருந்து லாரிகள்,
சொக்காயிரேயிலிருந்து லாரிகள்,
கலாமாவிலிருந்து ஒரு பேருந்து முழுக்கச்
சுரங்கத் தொழிலாளிகள், பூட்ஸில் மண்ணோடு.
ஸீனெ எண்ண ஆரம்பித்தாள்.
எண்ணுவது அவள் வியாதி.
நாற்பத்து மூன்றாவது வண்டியில்
கை ஸ்டியரிங்கிலேயே நின்றது.

பழக்கடை நிக்கொலாசா
பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு
"இன்றைக்கு இல்லை" என்றாள்,
கூட்டத்தோடு போனாள்.

வீட்டை அளந்து
ஆளை எடைபோட்டிருக்கிறேன்.

அன்றிரவு அந்தத் திரளை விட்டுவிட்டு
அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தாள்.
மூன்று இருக்கவேண்டிய இடத்தில்
பதினொரு மங்கல் தீற்றல்கள்,
தோள் உரசும் நெருக்கத்தில்.
இத்தனை பேர் சும்மா கூடமாட்டார்கள்.
நடுவே பெரிய பாரம் ஏதோ
பார்வைக்குப் படாமல் படுத்திருக்கிறது.
வீக்கம் பெரிதில்லை;
விரல்தான் பெரிது.

அப்படி எழுதினாள். உடனே அழித்தாள்.
பதினொன்று சான்றாகாது, சாடைதான்.
வானத்தில் ஒரு மூலை தற்செயலாய்
நெரிசலாகவும் இருக்கலாம்.
பிழைக்கோட்டை நீளமாய் வரைந்தாள்,
பக்கத்தின் ஓரத்தைத் தொடுமளவுக்கு.
பிறகு அதற்குக் கீழே
பழைய வாக்கியத்தையே திரும்ப எழுதினாள்,
கடைசியில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

அயவீரேவின் முகத்தை
அவள் பார்த்ததில்லை.
பெட்டி மூடியிருந்தது.

திரும்பி வரும்போது பார்த்தது இவ்வளவுதான்:
மதகு திறந்தே கிடந்தது.
இந்நேரம் யாருடைய முறை என்று
சொல்ல ஆளில்லாமல்
தண்ணீர்
பள்ளம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.